ஆறு மாதமா, ஆறு ஆண்டா? நிராகரிக்கப்பட்ட மருத்துவ கிளெய்முக்கு என்ன வழி

கேள்வி: 2021 ஏப்ரலில் எனக்கும் மனைவிக்கும் சேர்த்து ஐந்து லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீட்டு பாலிசி எடுத்து, ஓர் ஆண்டுகூடத் தவறாமல் புதுப்பித்து வருகிறேன். 2025 ஆகஸ்ட்டில் மனைவிக்குப் பித்தப்பைக் கல்லுக்காகத் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. கேஷ்லெஸ் மறுத்துவிட்டார்கள். நகையை அடகு வைத்து 1,86,000 ரூபாய் கட்டிவிட்டு, பிறகு பில்களை அனுப்பினோம். நவம்பரில் கடிதம் வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஆறு ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம்" என்று இருக்கிறதாம். பாலிசி எடுக்கும்போது அதை நாங்கள் மறைத்துவிட்டோமாம். ஆகவே பணம் கிடையாதாம். பாலிசியையே ரத்து செய்ய நேரிடலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். என் மனைவி பி.பி. மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததே 2025 பிப்ரவரியில்தான். மருத்துவமனையிலும் ஆறு மாதம் என்றுதான் சொன்னார். ஏஜென்ட் "விட்டுவிடுங்கள்" என்கிறார். வக்கீல் வைத்தால் செலவுக்கே பாதி போய்விடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: விட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே ஆவணங்களால் காட்ட முடிந்தால், உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. அதைக் காட்ட வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

முதலில், உங்களைக் கலங்கடித்த அந்த நவம்பர் மாதக் கடிதத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது உங்களைவிட நிறுவனத்தைத்தான் அதிகம் கட்டுப்படுத்துகிறது. நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பின்னர் வழக்கு மன்றத்தில் புதிதாகக் கொண்டுவர காப்பீட்டு நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரே ஒரு காரணம், அதற்கு ஆதாரம் ஒரே ஒரு வரி. அந்த வரி தவறு என்று காட்டிவிட்டால், நிறுவனம் நிற்பதற்கு வேறு இடம் இல்லை. தகவலை மறைத்தார் என்று குற்றம் சாட்டும் நிறுவனமே அதை நிரூபிக்க வேண்டும், மறைக்கவில்லை என்று பாலிசிதாரர் நிரூபிக்க வேண்டியதில்லை என்பதை ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. சட்டம் அப்படி இருந்தாலும், ஆதாரம் கையில் இருப்பவர் கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

அந்த ஆதாரம் பெரும்பாலும் மருத்துவமனையின் பதிவறையில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி என்பது நோயாளி வீட்டுக்குக் கிளம்பும் நாளில் யாரோ ஒருவர் கணினியில் தட்டச்சு செய்து தரும் தாள். நோயின் வரலாறு முதன்முதலில் எழுதப்படுவது அதில் அல்ல. சேர்க்கையின்போது பணியில் இருந்த மருத்துவர் கையால் எழுதும் கேஸ் ஷீட்டில். மருத்துவர்களுக்கு ஒரு சுருக்கெழுத்துப் பழக்கம் உண்டு. ஆறு மாதம் என்பதை "6/12" என்றும், ஆறு நாள் என்பதை "6/7" என்றும் எழுதுவார்கள். பன்னிரண்டில் ஆறு, ஏழில் ஆறு என்ற கணக்கு. "பி.பி. 6/12" என்று பேனாவில் எழுதியது, தட்டச்சு செய்பவர் கையில் "ஆறு ஆண்டு" ஆகிவிடுவது நடக்கக்கூடியதே. உங்கள் மனைவி ஆறு மாதம் என்று சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வந்தது.

ஆகவே, மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி, உள்நோயாளிப் பதிவேடு முழுவதன் பிரதியையும் கேளுங்கள். சேர்க்கைக் குறிப்பு, நர்ஸ் எழுதிய தாள்கள், மயக்க மருத்துவர் அறுவை சிகிச்சைக்கு முன் எழுதிய மதிப்பீடு ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். மயக்க மருத்துவர் தனியாக ஒருமுறை ரத்த அழுத்தம் பற்றி விசாரித்து எழுதியிருப்பார் என்பதால் அந்தத் தாளுக்குத் தனி மதிப்பு உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்துடன், 2025 பிப்ரவரியில் முதன்முதலாக மாத்திரை எழுதித் தந்த மருத்துவரின் சீட்டு, மருந்துக்கடை பில், அதற்கு முன் ஏதாவது காரணத்துக்காக ரத்த அழுத்தம் பார்த்துச் சரியாக இருந்ததாகக் குறித்த பழைய சீட்டு இவற்றைத் தேடுங்கள். பழைய சீட்டு ஒன்று கிடைத்தால்கூடப் போதும். 2019-லிருந்தே நோய் இருந்தது என்ற வாதம் அந்த இடத்திலேயே உடைந்துவிடும். சிகிச்சை அளித்த மருத்துவரிடம், சம்மரியில் நேர்ந்த பிழையைக் குறிப்பிட்டு, கேஸ் ஷீட்டின் எந்தப் பக்கத்தை வைத்துத் திருத்துகிறார் என்பதையும் எழுதி, இன்றைய தேதியிட்ட விளக்கக் கடிதம் வாங்குங்கள். பழைய சம்மரியையே சத்தமில்லாமல் மாற்றித் தரச் சொல்லாதீர்கள். நிறுவனத்திடம் முதல் சம்மரி ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் போனால் உண்மை பேசும் உங்களையே மோசடிக்காரராகக் காட்டிவிடுவார்கள்.

இன்னொரு தாளும் வேண்டும்: 2021-இல் கையெழுத்திட்ட புரோபோசல் படிவம். அதன் பிரதி உங்களிடம் இல்லையென்றால் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். தருவது அவர்கள் கடமை. பல வீடுகளில் ஏஜென்ட்டே படிவத்தை நிரப்பி, நோய் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் "இல்லை" என்று குறித்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் விரலை வைத்துக் காட்டுகிறார். உங்கள் விஷயத்தில் "இல்லை" என்பதே உண்மையான பதில் என்பதால் அது உங்களைப் பாதிக்காது. ஆனால் ரத்த அழுத்தம் பற்றிய கேள்வி அந்தப் படிவத்தில் எந்தச் சொற்களில் இருந்தது என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி சட்டம். மூன்று ஆண்டு கடந்த பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு; ஆயுள் காப்பீட்டுக்கு மட்டுமே பொருந்தும். மருத்துவக் காப்பீட்டுக்கு அதைப் போன்ற பாதுகாப்பை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தனியாக வகுத்திருக்கிறது. முன்பு எட்டு ஆண்டாக இருந்த அந்தக் காலம் 2024-இல் ஐந்து ஆண்டாக, அதாவது இடைவெளியில்லாத 60 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகு மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, தகவலை மறைத்தார் என்ற காரணத்தால் கிளெய்மை மறுக்க முடியாது. உங்கள் மனைவி மருத்துவமனையில் சேர்ந்தது பாலிசியின் 53-ஆவது மாதத்தில் என்பதால் இந்தக் கவசம் உங்களுக்குக் கிடைக்காது. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அதற்குப் பதிலாக வேறொரு கணக்கைச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பணம் கோர முடியாத காத்திருப்புக் காலம் நீங்கள் பாலிசி எடுத்தபோது அதிகபட்சம் நான்கு ஆண்டு, இப்போது மூன்று. ஒரு பேச்சுக்கு ரத்த அழுத்தம் 2019-லேயே இருந்து, நீங்களும் படிவத்தில் எழுதியிருந்தால்கூட, 2025 ஏப்ரலோடு அந்தக் காத்திருப்பு முடிந்திருக்கும். ஆகஸ்ட்டில் நடந்த சிகிச்சைக்குப் பணம் வந்திருக்கும். தவிர, பித்தப்பைக் கல் ரத்த அழுத்தத்தால் வருவதில்லை. முதுகெலும்புத் தேய்மானத்தைச் சொல்லாமல் விட்ட ஒருவர் இதய நோயால் இறந்த வழக்கில், சொல்லாமல் விட்டதற்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் பணம் தரச் சொன்னது. எதிர்த் திசையிலும் தீர்ப்பு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை: நீண்டகால நீரிழிவையும் சிறுநீரகக் கோளாறையும் மறைத்த 2009-ஆம் ஆண்டு வழக்கில் நிராகரிப்பு சரி என்றே அதே நீதிமன்றம் சொன்னது. ஆகவே தொடர்பில்லை என்ற வாதத்தை இரண்டாவதாக வையுங்கள். நோயே அப்போது இல்லை என்பதுதான் முதல் வாதமாக இருக்க வேண்டும்.

எங்கே செல்வது என்பதில் வரிசை முக்கியம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள். அவருடைய முகவரி பாலிசி ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். 2024 மே 29 அன்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மருத்துவ கிளெய்ம் எதையும் நிறுவனத்தின் மறு ஆய்வுக் குழு ஒப்புதல் தராமல் நிராகரிக்கக் கூடாது. நிராகரிப்பு பாலிசியின் எந்த விதியின் கீழ் வருகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். உங்கள் கிளெய்ம் அந்தக் குழுவின் முன் சென்றதா, எந்தத் தேதியில் என்று ஒரு வரியில் கேளுங்கள். பல நேரங்களில் இந்த ஒரு கேள்விக்கே கோப்பு மேசை மாறுகிறது. அதே புகாரை ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும், முடியாவிட்டால் 155255 என்ற எண்ணிலும் பதிவு செய்யுங்கள். ஆணையம் வழக்கைத் தீர்க்காது, நிறுவனத்துக்குத் தள்ளிவிடும்; ஆனாலும் ஒரு புகார் எண் கிடைக்கும்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் உங்களுக்கு ஏற்பில்லாவிட்டாலோ, ஆம்புட்ஸ்மன் என்று சொல்லப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லுங்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது; ஆனால் புகாரை இணையத்திலேயே தரலாம், விசாரணைக்கும் காணொளி வசதி உண்டு. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் புகார் சேர வேண்டும். கேட்ட ஆவணங்கள் எல்லாம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் அவர் தீர்ப்பளிக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. முப்பது நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று மேலே சொன்ன அதே சுற்றறிக்கை சொல்கிறது.

பலர் கோபத்தில் நேராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே வழக்கு நிலுவையில் இருக்கும்போது குறைதீர்ப்பாளர் உங்கள் புகாரைத் தொடமாட்டார். மறுதிசையில் அந்தச் சிக்கல் இல்லை: குறைதீர்ப்பாளரிடம் தோற்றால் ஆணையத்துக்குப் போகலாம். அதனால்தான் இந்த வரிசையைச் சொல்கிறேன். மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் வேண்டுமென்றால் அதற்கு நுகர்வோர் ஆணையம்தான் இடம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். மாவட்ட ஆணையத்தின் வரம்பைக் கணக்கிடுவது காப்பீட்டுத் தொகையை வைத்து அல்ல, நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்து. உங்கள் நிலையில் கட்டணமே வராது. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மனுவைப் பதியலாம். இரண்டு ஆண்டு என்ற காலவரம்பு உண்டு. குறைதீர்ப்பாளரிடம் காத்திருக்கும் காலத்திலும் அது ஓடிக்கொண்டே இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அப்படி முடிந்த வழக்குகளை நான் அதிகம் பார்த்ததில்லை. 1,86,000 ரூபாய் வழக்குக்கு நகை வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, குறைதீர்ப்பாளரே விரைவான வழி என்பது என் கருத்து.

இடையில் நிறுவனம் இறங்கிவந்து, "90,000 தருகிறோம், முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுங்கள்" என்று ஒரு வவுச்சரை நீட்டக்கூடும். பண நெருக்கடியில் அதை வாங்கும்படி ஆகிவிட்டால், எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன், மீதித் தொகைக்கான உரிமையை விடவில்லை என்று அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வவுச்சரில் கையெழுத்திட்டார் என்பதாலேயே ஒருவரின் புகார் செத்துவிடாது என்று 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வற்புறுத்தலோ ஏமாற்றோ நடந்தது என்பதை அப்போது நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். அதற்குத்தான் அந்த மின்னஞ்சல்.

ரத்து செய்வோம் என்ற மிரட்டலுக்குத் தனிப் பத்தியில் மறுப்பு எழுதுங்கள். நோயை மறைத்தார்கள் என்பதே நிரூபிக்கப்படாதபோது ரத்துக்கு அடிப்படை இல்லை. கோபத்தில் நீங்களே புதுப்பிக்காமல் விட்டுவிடுவதுதான் இதில் உண்மையான ஆபத்து. 2026 ஏப்ரலில் பிரீமியத்தைத் தேதிக்கு முன்பே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். அத்துடன் அறுபது மாதம் நிறைகிறது. அதன் பிறகு வரும் கிளெய்ம்களில் இந்தப் பழைய பல்லவியைப் பாட நிறுவனத்துக்கு வழியிருக்காது.

கேஸ் ஷீட் கைக்கு வந்ததும் சேர்க்கைக் குறிப்பின் முதல் பக்கத்தைப் பாருங்கள். அங்கே "6/12" இருந்தால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் தனியாக நகலெடுத்து, எழுத்தைச் சுற்றி வட்டமிட்டு, குறைதீர் அலுவலருக்கு அனுப்பும் கடிதத்தின் முதல் இணைப்பாக வையுங்கள்.