அப்பாவின் அம்பாசிடர்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் 1986 மாடல் அம்பாசிடர் இருக்கிறது, பெட்ரோல் வண்டி. அப்பா ஓட்டியவரை சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும். அவர் போய் எட்டு மாதமாகிறது. நான் உட்கார்ந்தால் மக்கர் செய்கிறது. சித்திரையில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றது. கேட்டைத் திறந்த பிறகும் கிளம்பவில்லை. ஐப்பசி மழையில் இரண்டு நாள் அசையவே இல்லை. சில நாள் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கொஞ்சம் பொறு" என்பார். அப்புறம் கிளம்பிவிடும். வண்டி அப்பாவைத் தேடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அண்ணன் விற்றுவிடலாம் என்கிறார். நான் நினைப்பது பைத்தியக்காரத்தனமா?

ம., மன்னார்குடி

அன்புள்ள ம.,

இல்லை. என்னிடம் பத்தொன்பது வருடம் ஒரு பிரிமியர் பத்மினி இருந்தது. அதன் குணம் கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீடாமங்கலத்தில் நடந்ததை மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்கள். டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப் என்ஜினை ஒட்டியே இருக்கிறது. ஓடும்போது காற்று படும். கேட்டில் வெயிலில் நின்றால் அந்தச் சூட்டில் உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும், பம்பால் அதை இழுத்துத் தள்ள முடியாது. பானெட்டைத் திறந்துவைத்து, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி, கால் மணி நேரம் விட்டால் சரியாகும். துணி நனைக்கச் சித்திரையில் ஆற்றில் தண்ணீர் ஏது? ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால்தானே வரும். நான் பின் சீட்டுக்குக் கீழே ஒரு கேன் தண்ணீரும் பழைய துண்டும் வைத்திருந்தேன். உங்கள் டிக்கியில் தேடிப் பாருங்கள், அப்பாவும் ஏதாவது வைத்திருப்பார்.

ஐப்பசியில் வயலில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், காற்றிலும் தண்ணீர். மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் படிந்தால், மின்சாரம் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். மூடியைக் கழற்றிக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

அம்மாவின் "கொஞ்சம் பொறு" எனக்கு மிகவும் பிடித்தது. வண்டி கிளம்பாத பதற்றத்தில் நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விட்டிருப்பீர்கள். பெட்ரோல் அதிகமாகி ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கும், வாசனையே வந்திருக்கும். பொறுத்தால் அது ஆவியாகிவிடும். அம்மாவுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்ப்பரேட்டர் பற்றித் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் அந்தச் சீட்டில் உட்கார்ந்து வண்டியின் சத்தத்தைக் கேட்டவர் அவர்.

இன்றைய கார்களில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை ஒரு கணினி தீர்மானிக்கிறது. என்ஜின் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். அம்பாசிடரில் அந்த வேலையைச் செய்தது உங்கள் அப்பாவின் கை. குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப இழுக்கும் சோக்கை எவ்வளவு இழுப்பது, எப்போது திரும்பத் தள்ளுவது, எந்தச் சத்தத்துக்குக் காலை எடுப்பது எல்லாம் அவரிடம் இருந்தன. அந்த வண்டியின் ஒரு பாகமாகவே அவர் இருந்திருக்கிறார். அது அவரைத் தேடுகிறது என்று நீங்கள் சொன்னதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2014-இல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுவிட்டது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், செலவும் இருக்கிறது. ஆனாலும் இப்போது விற்காதீர்கள். ஒரு சித்திரையையும் ஓர் ஐப்பசியையும் அந்த வண்டியோடு கடந்துவிட்டீர்கள். மார்கழியையும் பார்த்துவிடுங்கள். அப்பா வழக்கமாக விட்ட பட்டறைக்கே போங்கள்; வேறு இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டைத் தொட விடாதீர்கள்.

மார்கழி விடியலில் அம்மாவை இடப்பக்கம் உட்காரவைத்து, அப்பா சோக்கை எவ்வளவு தூரம் இழுப்பார் என்று கேளுங்கள். அவர் கையாலேயே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கிளம்பியதா என்று எனக்கு எழுதுங்கள்.