பூஜ்யத்தை எப்படி நம்புவது?

கேள்வி: 2011-க்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் இல்லை என்கிறார்கள். நோய் இல்லையா, கணக்கில் வரவில்லையா என்பதை எப்படிச் சரிபார்க்கிறார்கள்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: போலியோவை மட்டும் தேடினால் இந்தச் சந்தேகம் தீராது. ஆகவே, 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்குத் திடீரெனக் கை கால் துவண்டுபோனாலும், காரணம் எதுவாயினும், மருத்துவர்கள் தெரிவித்தாக வேண்டும் என்று வகுத்தார்கள். போலியோ அறவே இல்லாத ஊரிலும், கில்லன்-பாரே போன்ற வேறு நோய்களால் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் ஒருவருக்காவது இப்படி நேரும் என்பதால், அந்த எண்ணிக்கைகூடப் பதிவாகாத மாவட்டத்தின் பூஜ்யம் செல்லாது. அங்கே யாரும் ஒழுங்காகத் தேடவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அடுத்தது மலமாதிரி. துவண்டுபோனதற்குக் காரணம் போலியோ வைரஸா என்பதை அதில்தான் சோதிக்கிறார்கள். செயலிழப்பு தொடங்கிய 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரிகள் எடுத்து, குளிர் குறையாமல் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். நூற்றுக்கு 80 குழந்தைகளுக்காவது இது முறையாக நடந்திருக்க வேண்டும். மாநிலச் சராசரியைக் காட்டித் திருப்தியடைவதை நான் ஏற்க மாட்டேன். சுறுசுறுப்பான பல மாவட்டங்களின் எண்கள், உறங்கும் ஒரு மாவட்டத்தை மறைத்துவிடும்.

2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கடைசி நோயாளி கண்டறியப்பட்டபின், மூன்று ஆண்டுகளுக்கு மேல் இத்தகைய கண்காணிப்பு தொடர்ந்த பிறகே, 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட, உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ இல்லை என்ற சான்று வழங்கப்பட்டது.