கோல்ஃப் சிமுலேட்டருக்கு எந்த ப்ரொஜெக்டர் வாங்கலாம், எங்கே மாட்டலாம்?

கொளத்தூரில் மாடி அறை ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன், கோல்ஃப் சிமுலேட்டருக்கு எந்த ப்ரொஜெக்டர் நல்லது, பின்சுவரில் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிமுலேட்டர் என்றால் மைதானத்தைத் திரையில் காட்டி, நிஜப் பந்தை அந்தத் திரை மேலேயே அடித்து ஆடும் ஏற்பாடு. அதற்குப் பின்சுவர் வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ப்ரொஜெக்டரும் திரையும் வாடகைக்கு விடுவதுதான் என் பிழைப்பு. கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, ஐபிஎல் ஃபைனலுக்குத் தெருமுனையில் திரை, இப்படி. கோல்ஃப் மட்டையைக் கையில் தொட்டதே போன வருஷம்தான். திருவொற்றியூரில் ஒரு கப்பல்காரர், சீஃப் இன்ஜினியர். ஆறு மாசம் கடல், மூணு மாசம் வீடு. போகிற துறைமுகத்தில் எல்லாம் கோல்ஃப் ஆடிப் பழகிவிட்டார். இங்கே ஆட நந்தனம் பக்கம் போகவேண்டும். திருவொற்றியூரிலிருந்து காலை நேரத்தில் அங்கே போய்வருவதற்குள் பாதி நாள் போய்விடும். அதனால் மாடி ஹாலையே மைதானமாக்கிவிட்டார்.

எனக்கு வந்த போன் இதுதான்: "தம்பி, எல்லாம் மாட்டியாச்சு. ஆனா நான் நின்னா திரையில என் தலையும் தோளும்தான் தெரியுது. வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். ஹால் இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம், ஒன்பதரை அடி உயரம். திரை சுவரிலிருந்து ஓரடி தள்ளி. திரையிலிருந்து பத்தரை அடியில் பந்து. ப்ரொஜெக்டரோ பின்பக்கப் பரண் மேல், ஏழடி உயரத்தில் உட்கார்ந்திருந்தது. வீட்டில் சினிமா பார்க்க வாங்கும் சாதாரண மாடல். படம் பத்தடி அகலத்துக்கு விரிய அதற்குப் பதினேழு அடி தூரம் தேவை. பரண் விளிம்பிலிருந்து திரைக்குச் சரியாகப் பதினேழு அடி இருந்ததால் கடைக்காரர் அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கணக்கு சரி. நடுவில் ஒரு மனுஷன் நிற்பான் என்பதைத்தான் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் ஒரு நூல்கண்டு எடுத்தேன். காத்தாடி நூல்தான், மாஞ்சா போடாதது. ஒரு முனையை லென்ஸ் பக்கத்தில் ஒட்டி, மறுமுனையைப் படத்தின் கீழ் மூலைக்கு இழுத்துக் கட்டினேன். அவரை வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கச் சொன்னேன். நூல் அவர் மார்பு உயரத்தில் போனது. அதாவது நெஞ்சுக்கு மேலே அவர் உடம்பு மொத்தமும் வெளிச்சத்துக்குள் இருக்கிறது. "இத முன்னாடியே பண்ணியிருக்கலாமே தம்பி" என்றார். நீங்கள் முன்னாடியே பண்ணுங்கள். ப்ரொஜெக்டர் வாங்காமலேயே செய்யலாம். எங்கே மாட்ட நினைக்கிறீர்களோ அங்கே ஒரு ஆணி, அங்கிருந்து நாலு மூலைக்கும் நூல். டிரைவர் மட்டையை, அதாவது இருப்பதிலேயே நீளமான மட்டையை, மெதுவாக, சினிமாவில் ஸ்லோமோஷன் காட்டுவார்களே அப்படி, முழு வட்டமும் சுற்றிப் பாருங்கள். உடம்போ மட்டையோ நூலைத் தொட்டால் அந்த இடம் ஆகாது.

இப்போது மாடல். பெட்டியில் த்ரோ ரேஷியோ என்று ஒரு எண் இருக்கும். லென்ஸிலிருந்து திரைக்கு உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது. கப்பல்காரரின் பழைய பெட்டிக்கு (ப்ரொஜெக்டரைத்தான் பெட்டி என்கிறேன்) அது 1.7. நமக்கு வேண்டியது ஷார்ட் த்ரோ, கிட்டேயிருந்தே படத்தை அகலமாக விரிக்கும் வகை. பென்க்யூ டிஎச்671எஸ்டி மாதிரி மாடல்களில் 0.69 முதல் 0.83 வரை. பத்தடி அகலப் படத்துக்கு ஏழடியிலிருந்து எட்டேகால் அடிக்குள் எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். ஆப்டோமா ஜிடி1080எச்டிஆர் மாதிரி 0.5 என்றால் ஐந்தடி. அறை சின்னது என்றால் அது கைகொடுக்கும், ஆனால் திரையில் பட்டுத் தெறிக்கும் பந்துக்கு அவ்வளவு பக்கத்தில் போகிறீர்கள். எனக்கு 0.7, 0.8தான் பிடித்தம்.

அதைவிடக் கிட்டே, இரண்டு மூன்று அடியிலிருந்தே அடிக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ வேண்டாம். அடி வாங்கும் திரை துணிதானே, சுவர் மாதிரி இறுகி நிற்காது. சாய்வாக வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு சுருக்கமும் மலை மாதிரி தெரியும். பந்து பட்ட பிறகு படம் முழுக்க அலையடிக்கும்.

கப்பல்காரர் வீட்டில் திரையிலிருந்து ஏழரை அடியில் மாட்டினோம். பந்துக்கு மூன்றடி முன்னால். மட்டை உச்சிக்குப் போகும்போது அது ஆடுபவர் தலைக்கு மேலேயும் பின்னாலும்தான் இருக்கும், மூன்றடி முன்னால் கூரை உயரத்தில் வராது. பந்து? 40 டிகிரியில் எழும்பினாலும் மூன்றடி போவதற்குள் இரண்டரை அடி உயரம்தான் ஏறும். எட்டடியில் தொங்கும் பெட்டிக்கு நேராக அடிபடும் பயம் இல்லை. பயம் எல்லாம் தெறித்துத் திரும்பும் பந்தால்தான். ஒரு பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அந்தச் சின்ன எடை 200 கிலோமீட்டர் வேகத்தில் போய் இரும்புச் சட்டத்தில் பட்டால் எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் சட்டத்துக்கு நுரை சுற்றி, இரண்டு பக்கமும் காசிமேட்டில் வாங்கிய மீன்வலை கட்டினோம். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர், நாங்கள் எடுத்தது அதில் பாதி அளவு கண் உள்ள முறுக்கு நூல் வலை. வலைக்காரர், "இன்னாண்ணே, எந்த மீனுக்கு?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

மாட்டும்போது படத்தின் மேல்விளிம்பு எங்கே தொடங்கும் என்று பாருங்கள். சில மாடல்களில் லென்ஸ் மட்டத்திலேயே தொடங்கும், சிலவற்றில் ஓரடி கீழே. அதற்கேற்ற நீளத்தில் பைப் வெட்டிக்கொள்ளவேண்டும். அதை விட்டுவிட்டு, பெட்டியைச் சாய்த்து மாட்டி கீஸ்டோன் போட்டு நேராக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிக்ஸலை நசுக்கித்தான் அது நேராக்குகிறது, எழுத்தெல்லாம் மங்கும். லென்ஸ் ஷிஃப்ட், அதாவது பெட்டியைச் சாய்க்காமலே படத்தை மேலே கீழே நகர்த்தும் வசதி, உள்ள மாடல் கிடைத்தால் கொஞ்சம் காசு கூடப் போனாலும் வாங்குங்கள்.

பத்தடி அகலத்தில் 16:9 படம் 5.6 அடி உயரம்தான் வரும், மேலே வெள்ளைத் திரை சும்மா நிற்கும். அறை குறுகல், திரை உயரம் என்றால் 16:10 அல்லது 4:3 பாருங்கள்.

வெளிச்சம். லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு. 3000 லூமென் பெட்டி அந்தப் படத்தின் 56 சதுர அடியில் பரவினால் சதுர அடிக்கு 53 வரும். டிஜிட்டல் சினிமா தியேட்டரில் திரைக்கு வைக்கும் அளவு 14. அப்புறம் ஏன் 4000 கேட்கிறார்கள்? பந்தின் வேகத்தையும் போக்கையும் அளக்கும் கருவிக்கு லாஞ்ச் மானிட்டர் என்று பெயர். அதில் கேமரா வகை சிலவற்றுக்குப் பந்து மேல் விளக்கு வேண்டும், அந்த வெளிச்சம் திரைக்கும் கசியும். அதுவும் போக, பெட்டியில் போட்டிருக்கும் எண் முழு வேகத்தில் ஓடும்போது வருவது, கலர் நன்றாகத் தெரியும் மோடில் கணிசமாகக் குறையும். ஏழாயிரம் ரூபாய்க்கு இருபதாயிரம் லூமென் என்று ஆன்லைனில் வருவதை நம்பி வாங்கியவர்கள் என்னிடம் வாடகைக்கு வந்து நின்றிருக்கிறார்கள். ஆன்சி லூமென், அதாவது தர விதிப்படி அளந்த லூமென், என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஹாலுக்கு அடர்நிறம் அடித்தால் படம் இன்னும் எடுப்பாகத் தெரியும். கருப்பு என்றதும் கப்பல்காரரின் அம்மா, "குடியிருக்குற வீட்டுக்குக் கருப்பா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். கரும்பச்சைத் திரைச்சீலையில் சமாதானம் ஆனது.

நம் வீடுகளுக்கே உரிய தலைவலி சீலிங் ஃபேன். அது இருக்கும் இடத்தில்தான் மட்டை சுற்றும், கழற்றியே ஆகவேண்டும். காலியான கொக்கியில் ப்ரொஜெக்டரைத் தொங்கவிடலாமே என்று தோன்றும். ஆடும். தளத்தில் நாலு ஆங்கர் போல்ட் அடித்துத் தட்டு வைத்து மாட்டுங்கள். கரண்டை மட்டும் ஃபேன் பாயிண்டிலிருந்து எடுக்கலாம், நாங்கள் எடுத்தோம். முதல் நாள் பெட்டி ஆன் ஆவதும் அணைவதுமாகக் கண்ணாமூச்சி காட்டியது. பெட்டியே போச்சு என்று பயந்து ஒரு மணி நேரம் தேடினால், எலக்ட்ரீஷியன் ரெகுலேட்டரைக் கழற்றாமலே லைன் கொடுத்திருக்கிறார்! அது மூன்றில் நின்றுகொண்டிருந்தது.

லேம்ப் மாடல் என்றால் யுபிஎஸ் போடுங்கள். கரண்ட் போனதும் உள்விசிறி நின்று, சூடான லேம்ப் ஆறாமல் கெடும். கடற்கரைப் பக்கம் வாடகைக்குப் போய்வரும் என் பெட்டிகளில் இரண்டு வருஷத்தில் ஸ்க்ரூ தலையெல்லாம் துருப்பிடிக்கிறது. திருவொற்றியூருக்கு அதனால்தான் ஃபில்டர் இல்லாத, உள்பாகம் மூடிய லேசர் மாடலைச் சொன்னேன். கொளத்தூருக்கு அந்தக் கவலை அவ்வளவு இல்லை.

ஒன்று விட்டுப்போச்சு. வீட்டில் இடதுகைக்காரர் யாராவது ஆடுவார்களா? கப்பல்காரர் வலதுகை, அதனால் பந்தை நடுவிலிருந்து ஓரடி வலப்பக்கம் தள்ளிவைத்து முதுகுக்கு இடம் விட்டோம். போன மாசம் அவர் மகன் விடுமுறைக்கு வந்து இடதுகையில் மட்டையைப் பிடித்திருக்கிறான், வலப்பக்கச் சுவரில் இப்போது ஒரு பள்ளம். அப்படி யாராவது இருந்தால் பந்து நடுவில்தான், பன்னிரண்டடி அகலமும் பத்தாது. நூலை இரண்டு கைக்கும் பிடித்துப் பார்த்துவிட்டு அளவைப் போடுங்கள், எந்த லென்ஸ் என்று சொல்கிறேன்.