காருக்கு முன்னாலேயா, பின்னாலேயா?

கேள்வி: ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியில் ‘ரன்’ என்ற ஒரேயொரு வினைச்சொல்லுக்கு 645 பொருள் இருப்பதாக வாசித்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு ‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது. தமிழில் இப்படிப் பல பொருள் தரும் ஒரு வினைச்சொல்லாவது இருக்கிறதா?
— ஆங்கில ஆசிரியை ஒருவர், கொடிகாமம்.

பதில்: ரீச்சர், அந்த 645 எனக்கு ஒரு பொருட்டல்ல. உங்கள் கேள்வியில் உறுத்துவது ‘மட்டும்’. எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் அதற்கு ‘வரை’ என்றும் பொருள். ‘பின்னேரம் ஆறு மணி மட்டும் கடை திறந்திருக்கும்’ என்போம். நீங்களும் ‘ஓடு’ மட்டும் வந்து நின்றுவிட்டீர்கள். இன்னும் கொஞ்சத் தூரம் வந்திருக்கலாம்.

அதுவும் கொடிகாமத்தில் இருந்துகொண்டு! தட்டிவான் ஓடிய ஊரல்லவா அது? பருத்தித்துறைக்கும் கொடிகாமத்துக்கும் இடையே தேங்காயும் பலாப்பழமும் ஆட்களுமாக அது ஓடியது. அதை ஒருவர் ஓடினார். ‘அவர் இப்ப ஆரிட்டை ஓடுறார்?’ என்றால் எந்த முதலாளியிடம் வேலை என்று கேள்வி. ‘இப்ப ஓடுறேல்லையோ?’ என்றால் தொழிலையே விட்டுவிட்டாரா என்று கேள்வி. ஒரு வாகனத்தைச் சுற்றியே இத்தனை ஓட்டம்.

சென்னையில் இருந்து எழுத்தாளர் ஒருவர் ஒரு முறை நல்லூர்த் திருவிழா பார்க்க வந்து, எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் தங்கினார். அந்த வீட்டு அம்மா தன் மூத்த மகனைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்:

“எங்கட பெரியவர் நல்லாக் கார் ஓடுவார்.”

விருந்தாளி திகைத்துப்போனார். “கார் ஓடுவாரா? காருக்கு முன்னாலேயா, பின்னாலேயா?”

அம்மாவுக்குக் கேள்வி பிடிபடவில்லை. “பின்னால ஏன் ஓடவேணும்? முன்னாலதான்.”

“கார் கூடவே ஓடுவாரா?”

“ஓம், கூடத்தான் ஓடுறவர். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேளார். கொழும்புக்கும் ஓடுறவர்.”

“கொழும்புக்கா! எவ்வளவு நேரம் ஆகும்?”

“எட்டு மணித்தியாலம். இடையில வவுனியாவில ஒரு தேத்தண்ணி.”

எங்கள் ‘கூட’ அதிகம் என்பது அந்த மனிதருக்கு யார் சொல்வது? நானூறு கிலோமீற்றரை எட்டு மணி நேரத்தில், காருக்கு முன்னால், ஒரேயொரு தேத்தண்ணியோடு ஓடி முடிக்கிற பிள்ளை ஒலிம்பிக்குக்குப் போகாமல் வீட்டில் ஏன் இருக்கிறார் என்று அவர் அன்றிரவு என்னிடம் கேட்டார். நான் விளக்கவில்லை. அடுத்த நாள் அதே பையன் அவரைக் கீரிமலைக்கு ஏற்றிக்கொண்டு போக வந்து கதவைத் திறந்துவிட்டபோது தானாகவே விளங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் எங்கள் பண்டிதருக்கு மூக்கு வியர்த்திருக்கும். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அவரைத் தெரியும், பெயர் வேண்டாம். ஒரு கதையில் ‘பஸ் ஓடும் தம்பி’ என்று அச்சிட்டதற்காக முழுநீளத் தாளில் இரண்டு பக்கமும் எழுதி அனுப்பியவர். ‘ஓடு’ தன்வினை, ‘ஓட்டு’ பிறவினை, சாரதி பேருந்தை ஓட்டலாமே தவிர ஓட முடியாது என்பது அவருடைய கட்சி. சூத்திரமும் சேர்த்திருந்தார். போன கிழமை ஆஸ்பத்திரி வீதியில் அவர் ஓட்டோ ஒன்றில் ஏறியதைக் கண்டேன். உட்கார்ந்ததும் அவர் வாயில் வந்த முதல் வசனம்: “தம்பி, பையப் பைய ஓடும்.” ஓட்டோவில் பண்டிதர் ஏறினால் பிறவினைக்கு இடம் போதாது போலிருக்கிறது.

சரி, ஒக்ஸ்போர்ட். அந்த அகராதியின் முதற் பகுதி 1884இல் வந்தது, வேலை முடிந்தது 1928இல். 1989இல் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகளாக வந்தபோது ‘செற்’ என்ற சொல்தான் ராசா. வினையாக மட்டும் ஏறக்குறைய 430 பொருள். பிறகு மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தத் தொடங்கினார்கள். 2000இல் ‘மேக்’ அதை முந்தியது. 2007இல் ‘புற்’. 2011இல் ‘ரன்’, நீங்கள் சொன்ன 645உடன். பீற்றர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார். கவனியுங்கள் ரீச்சர்: ஒரு சொல், ஒரு ஆள், ஒன்பது மாதச் சம்பளம்.

அந்த எண்ணிக்கையை மொழியின் சொத்துக் கணக்கு என்று எடுத்துக்கொண்டு மலைத்துப்போவதுதான் தவறு. ஆறு ஓடுகிறது, மூக்கு ஓடுகிறது, குழாயில் தண்ணீர் ஓடுகிறது. இது ஒரு பொருளா, மூன்றா? நறுக்குகிறவருடைய கத்தியைப் பொறுத்தது. பொடியாக நறுக்கினால் 645. என்னைப் போல் அவசரக்காரன் நறுக்கினால் முப்பதோடு சட்டியில் போட்டுவிடுவேன். நம் ‘ஓடு’வுக்கு முன்னால் ஒன்பது மாதம் ஒருவரைச் சம்பளம் கொடுத்து இருத்திப் பாருங்கள், பிறகு கணக்குப் பேசலாம்.

ஆனால் ‘ரன்’ முந்தியதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது: இயந்திரம். ஆலை, ரயில், மோட்டார், இன்றைய கொம்பியூட்டர் வரை எது வந்தாலும் ஆங்கிலேயர் அதை ‘ரன்’ பண்ண விட்டார்கள். இங்கும் அதேதான் நடந்தது. எங்கள் தோட்டங்களில் கிணற்றுத் துலா ஓடியதில்லை. துலாவை மிதித்தார்கள், பட்டையில் தண்ணீர் வந்தது. இறைப்பு மெசின் வந்த பிறகுதான் ‘மெசின் ஓடுது’ என்று இந்தச் சொல் வெங்காயப் பாத்திக்குள் இறங்கியது. ஆறில்லாத குடாநாட்டில், வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதற்கு மெசின் ஓட வேண்டியிருந்தது.

பிறகு 1990 வந்தது. போரில் மின்சாரம் நின்றது, பெற்றோல் நின்றது, ‘ஓடு’ நிற்கவில்லை. கார்பரேற்றருக்குள் துளிப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடியது. பின்னேரமானால் முற்றத்தில் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர் இழுப்போம். சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும், சின்னவன் ஓடுவான், ரேடியோ பாடும். பிபிசி தமிழோசையில் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்தால் சின்னவனுக்குக் கால் உளைகிறது என்று அர்த்தம். ‘மிதியடா!’ என்று ஒருவர் அதட்ட, செய்தியாளருக்கு மறுபடி உயிர் வரும். நகராத சைக்கிளை ஓடி லண்டனைப் பேசவைக்கிற இந்த ‘ஓடு’ ஒக்ஸ்போர்ட் கணக்கில் எத்தனையாவது?

பெயர்ச்சொல்லைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கூரை ஓடு. ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு அஸ்பெஸ்ரஸ் சீற் போடுகிறவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் புலம்பியது கொஞ்சமல்ல, இன்னும் புலம்புவேன். எங்கள் அச்சகத்துக்கும் சீற்தான். அதன் கீழே வெந்துகொண்டுதான் இந்த வரிகளை எழுதுகிறேன். 1995 ஒக்ரோபர் 30 அன்று போருக்குப் பயந்து வலிகாமம் முழுதும் உங்கள் தென்மராட்சிப் பக்கம் ஓடி வந்ததே, திரும்பிப் போனபோது பல வீடுகளில் சுவர் இருந்தது, மேலே ஓடு இல்லை. ஆட்கள் ஓட, வீட்டு ஓடும் ஓடிற்று. ஓடு தானாக ஓடியதா, ஓட்டப்பட்டதா, அதாவது தன்வினையா பிறவினையா என்று பண்டிதர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் வகுப்புக்கு வருகிறேன். ‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று சொல்லிவிட்டு, ‘ஓடு’ வராத இடங்களைக் காட்டுங்கள்; பிள்ளைகள் தவறுவது அங்கேதான். ஆங்கிலத்தில் கடையை ஓடவிடுகிறார்கள், நாங்கள் நடத்துகிறோம். ஒழுங்கை முடக்குக் கடையின் கடன்கொப்பியைப் பார்த்தால் எங்கள் சொல்லே பொருத்தம். அது ஓடுகிற கடை அல்ல, நொண்டி நொண்டி நடக்கிறது. ஆங்கிலேயருக்குக் காய்ச்சலும் ஓடும், எங்களுக்குக் காயும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார், பிரித்தானியர் நிற்கிறார், நாங்கள் பிரித்தானியரிடம் படித்தவர்கள் என்பதால் எங்கள் ஆட்களும் நிற்கிறார்கள். வென்றதும் உட்கார்ந்துவிடுகிறார்கள், பிறகு ஒரு கையெழுத்துக்கு ஓடுவது நாங்கள். கிரிக்கெட்டில் ‘ஓட்டம்’ என்று எழுதுகிறோம். ஆனால் யாழ் மத்திய கல்லூரியும் சென்ற் ஜோன்ஸும் மோதுகிற வடக்கின் பெருஞ்சமரில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஒருவரும் ஓடாமலே நாலு ஓட்டம். வருமானவரிக்காரர் யாரும் இதைக் கவனிக்கவில்லை.

மறுபக்கம், ஆங்கிலத்தில் அப்படியே சொல்ல முடியாத எங்கள் ஓட்டங்கள். ‘எனக்கு ஒண்டும் ஓடேல்லை’ என்று ஒரு பிள்ளை சோதனைத் தாளைப் பார்த்துச் சொன்னால் அதை எப்படி மொழிபெயர்ப்பீர்கள்? ‘கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை’? இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அரை மணி நேரம் கதிரையில் இருந்து வேடிக்கை பாருங்கள்.

அகராதி வேலையில் நாங்கள் கைகட்டி நின்றவர்களும் அல்ல. 1842இல் மானிப்பாயில் அச்சேறிய அகராதியில் 58,000க்கு மேல் சொற்கள். 1862இல் சென்னையில் வெளியான வின்சுலோ அகராதிக்கு அடிப்படையே நல்லூரில் இருந்த யோசேப் நைற் பாதிரியார் தொடங்கிவைத்த சேகரம்தான். அது 67,000ஐத் தாண்டியது. மின்சாரம் இல்லாமல், ஓலையும் இறகுப் பேனாவுமாகச் செய்த வேலை. இன்று எங்களுக்கு மாநாடு வைக்கக் காசு இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, பொன்னாடை இருக்கிறது. ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் இருக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கேட்டுப் பாருங்கள், தலைவரும் செயலாளரும் எப்படி ஓடுகிறார்கள் என்று தெரியும். அது 646ஆவது.

ஆகவே பிள்ளைகளை ஆளுக்கொரு கொப்பியோடு சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் அனுப்புங்கள். காதில் விழுகிற ஒவ்வொரு ‘ஓடு’வையும், யார், யாரிடம், எதைப் பற்றிச் சொன்னார் என்று எழுதட்டும். பட்டியலை எனக்கு அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறேன். ‘போடு’வுக்கு எத்தனை பொருள் என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.