நெட்ஸில் நன்றாக ஆடுகிறேன், மேட்சில் ஏன் அவுட் ஆகிறேன்? – கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் கிரிக்கெட் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு வயது 24. கிளப் அணியில் நான்காவதாக இறங்குகிறேன், மிதவேகமும் போடுவேன். வாரத்தில் மூன்று நாள், இரண்டு மணி நேரம் நெட்ஸ், அதாவது வலைப் பயிற்சி. அங்கே எல்லோரையும் நன்றாக ஆடுகிறேன். மேட்சில் பத்து ரன் தாண்டுவதற்குள் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைத் தொட்டு ஸ்லிப்பிலோ கீப்பரிடமோ கேட்ச். பந்து போடும்போதும் ஓவருக்கு ஒன்றிரண்டு லெக் சைடில் போய்விடுகிறது. பயிற்சி நேரத்தைக் கூட்டலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நேரத்தைக் கூட்ட வேண்டாம். வாரத்துக்கு ஆறு மணி நேரம் தாராளம். அந்த ஆறு மணி நேரத்தில் நீங்கள் அவுட்டே ஆவதில்லை, அதுதான் சிக்கல். எட்ஜ், அதாவது மட்டையின் விளிம்பில் பட்ட பந்து வலையில் மோதி நிற்கிறது. அடுத்த பந்துக்கு நீங்கள் தயாராகிவிடுகிறீர்கள். கீப்பருக்குப் பக்கத்தில் கேட்சுக்கு நிற்கும் ஸ்லிப் இல்லாத இடத்தில் அந்த ஷாட்டுக்குத் தண்டனை இல்லை, அதனால் கை அதையே ஆடிப் பழகுகிறது. மேட்சில் நீங்கள் ஆவது நெட்ஸில் பழகிய அதே அவுட்தான்.

1998 மார்ச்சில் ஆஸ்திரேலியா சென்னையில் டெஸ்ட் ஆட வந்தது. அவர்களின் லெக் ஸ்பின்னர் ஷேன் வார்ன் ரவுண்ட் தி விக்கெட், அதாவது ஸ்டம்புக்கு மறுபக்கமாக வந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பெயர்ந்த மண்ணில் பந்தைக் குத்துவார் என்று சச்சின் எதிர்பார்த்தார். நெட்ஸில் அந்த இடத்தை வேண்டுமென்றே கிளறிவிட்டு, முன்னாள் இந்திய லெக் ஸ்பின்னர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை அதே கோணத்தில் போடச் சொல்லி ஆடினார். முதல் இன்னிங்ஸில் 4 ரன்னில் வார்னிடமே அவுட். இரண்டாவதில் 155 நாட் அவுட். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் பொதுவாக 'பேட்டிங் பயிற்சி' செய்யவில்லை, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடினார். எனக்கு அந்த 155-ஐவிடப் பிடித்தது அந்தத் தயாரிப்புதான்.

உங்கள் கேள்வி ஆஃப் ஸ்டம்ப். நண்பர் ஒருவரை 15 மீட்டர் தொலைவிலிருந்து புதுப் பந்தில் த்ரோடவுன் போடச் சொல்லுங்கள், அதாவது கையால் எறிந்து தரச் சொல்லுங்கள். வெளியே போவது, ஸ்டம்புக்கு வருவது, டிரைவுக்கு விழுவது, மூன்றும் கலந்து வரட்டும், எது வருகிறது என்று சொல்லக் கூடாது. முதலாவதை விட வேண்டும், இரண்டாவதைத் தடுக்க வேண்டும், மூன்றாவதை மட்டும் அடிக்க வேண்டும். ஒரே மாதிரி முப்பது டிரைவ் அடித்தால் மனம் நிறையும், ஆனால் எதை அடிப்பது என்ற முடிவை நீங்கள் எடுக்கவே இல்லை. 1994-இல் கல்லூரி பேஸ்பால் வீரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரே வகைப் பந்துகளைத் தொகுதி தொகுதியாக ஆடியவர்களைவிட, கலந்து வந்த பந்துகளை ஆடியவர்கள் அதிகம் முன்னேறினார்கள். பயிற்சியின்போது ஆட்டம் அசிங்கமாகத் தெரியும். தெரியட்டும்.

பௌலிங் மெஷினைக் குறைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து அரை விநாடிக்குள் உங்களிடம் வந்துவிடும். நல்ல பேட்ஸ்மேன் பந்தை முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை, அது பிட்ச் ஆகப் போகும் இடத்துக்குக் கண்ணை முன்னாலேயே கொண்டுபோய் விடுகிறார். அந்தக் கணிப்புக்கு ஓடிவருபவரின் கையும் மணிக்கட்டும் துப்புக் கொடுக்கின்றன. மெஷினில் அவை இல்லை.

அப்புறம் ஒரு கடுமையான விதி: எட்ஜ் எடுத்தால் பேடைக் கழற்றிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அன்றைக்கு இனி பேட்டிங் கிடையாது. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

பந்துவீச்சுக்கு வருவோம். நெட்ஸில் நான்கு பேர் வரிசையாக ஆளுக்கொரு பந்து போடுகிறீர்கள், இல்லையா? மேட்சில் நீங்கள் தொடர்ந்து ஆறு போட வேண்டும். ஒரு பந்து தவறினால் அடுத்ததைத் திருத்துகிற திறமை, மூன்று பேர் போட்டு முடித்த பிறகு உங்கள் முறை வருகிற நெட்ஸில் வளராது. முழு ஓவராகப் போடுங்கள். ஃபீல்டு எங்கே நிற்கிறது என்று பேட்ஸ்மேனிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். கோடு தாண்டினால் நோபால், யாரும் பார்க்காவிட்டாலும். ஆஃப் ஸ்டம்ப் லைனில், ஸ்டம்பிலிருந்து 6 முதல் 8 மீட்டருக்குள் ஒரு துணியைப் போட்டு அதைக் குறிவையுங்கள். லெக் சைடில் போவது பெரும்பாலும் பந்தை விடும்போது தலை பக்கவாட்டில் சாய்வதால்தான். பின்னாலிருந்து போனில் படம் எடுத்துப் பாருங்கள், உடனே தெரியும். தலை, கை, ரன்னப் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இந்த மாதம் தலை மட்டும்.

போடுகிற ஓவர்களையும் எண்ணி எழுதி வையுங்கள். வேகமாகப் போடும் இளைஞர்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழுவது அரிதல்ல, சுமையைத் திடீரென்று கூட்டும்போது ஆபத்தும் கூடும். பந்து போடும்போது முதுகின் ஒரு பக்கம் மட்டும் வலித்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அன்புடன்.