மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள்

கேள்வி: வயது 36. ஒன்றரை வருடமாக ஓடுகிறேன். எட்டு கிலோ குறைத்திருக்கிறேன். பத்து வாரத்துக்கு முன் வலது பாதத்தில், இரண்டாவது விரலுக்கு நேரே உள்ள எலும்பில் விரிசல் என்றார்கள். ஆறு வாரம் பூட்ஸ் போட்டிருந்தேன். அப்புறம் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "எலும்பு கூடிவிட்டது, மெதுவாக ஓடத் தொடங்குங்கள்" என்றார் டாக்டர். இப்போது இரண்டு கிலோமீட்டர் தாண்டினால் பாதம் வலிக்கிறது. பழைய இடமா, வேறு இடமா என்று சொல்லத் தெரியவில்லை. ஓடுவதற்கு முன் ஒரு டைக்லோஃபெனாக் போட்டால் வலி தெரிவதில்லை. பாதத்தில் சொடக்குச் சத்தம், மாலையில் வீக்கம், புறங்காலில் சின்னதாக ஒரு மேடு, எல்லாம் இருக்கிறது. இணையத்தில் தேடினால் எலும்புப் புற்றுநோய் வரை போகிறது. தட்டைப் பாதம் வேறு. இரண்டு மாதத்தில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். எலும்பு மறுபடி முறிந்துவிடுமா? இனி ஓடவே முடியாதா?

பதில்: ஓடலாம் அம்மா. இந்த எலும்பில் விரிசல் விட்டவர்களில் பெரும்பாலானவர்கள் பழையபடி ஓடத்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த வாரம் வேண்டாம். அந்த மாத்திரையோடு என்றைக்குமே வேண்டாம்.

மறுபடி முறிந்துவிடுமா என்று கேட்கிறீர்கள். முறியப்போகிறது என்றால் பாதம் முன்கூட்டியே சொல்லும். அது சொல்வது காதில் விழக்கூடாது என்றுதானே நீங்கள் மாத்திரை போடுகிறீர்கள்? டைக்லோஃபெனாக் வலியைத்தான் குறைக்கும், எலும்பைக் கெட்டியாக்காது. இரண்டாவது கிலோமீட்டரில் நின்றிருக்க வேண்டிய நீங்கள் ஐந்தாவது கிலோமீட்டர் வரை போயிருப்பீர்கள். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. போதாக்குறைக்கு, வியர்த்து உடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் ஆகாது, வயிற்றுக்கும் ஆகாது. யார் எழுதிக் கொடுத்தார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. யாரும் எழுதிக் கொடுத்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

முதல் வேலை, வலி எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பது. மாத்திரையை நிறுத்தி இரண்டு நாள் கழியட்டும். ஓடவும் வேண்டாம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வலது பாதத்தை இடது தொடைமேல் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது விரல் தொடங்கும் இடத்திலிருந்து புறங்கால் வழியாகக் கணுக்காலை நோக்கி, ஆள்காட்டி விரல் நுனியால் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும், அந்த அளவு அழுத்தம். அடுத்து மூன்றாவது விரலுக்கு நேரே உள்ள எலும்பு, அப்புறம் பாதத்தின் வெளி ஓரம். இடது காலிலும் அதே மாதிரி செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாதம் முழுக்க லேசாக நோகிறது, பிடித்துவிட்டால் சுகமாக இருக்கிறது, ஓட ஆரம்பிக்கும்போது இருந்த வலி போகப்போகக் குறைகிறது என்றால் அது பெரும்பாலும் தசையும் மூட்டும். ஆறு வாரம் பூட்ஸுக்குள் கிடந்த கால் அப்படித்தான் முனகும்.

அப்படியில்லாமல் ஒரே ஒரு இடம், நகக்கண் அளவுதான், அங்கே தொட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறீர்களா? ஓட ஓட அந்த இடத்தில் வலி ஏறுகிறதா? மறுநாள் சாதாரணமாக நடக்கும்போதும் அங்கே வலிக்கிறதா, ராத்திரி படுத்த பிறகும் விண்ணென்று தெறிக்கிறதா? அது எலும்பு. அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அந்த வாரத்துக்குள் எலும்பு மருத்துவரிடம் போய் விரலை வைத்துக் காட்டுங்கள். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று திரும்பிவிட வேண்டாம். இந்த மாதிரி விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

வலிக்கும் இடம் பழைய விரிசலுக்கும் மேலே, கணுக்காலுக்குச் சற்று முன்னால், புறங்காலின் உச்சியில் இருந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். அங்கே படகு வடிவத்தில் நாவிகுலர் என்று ஒரு எலும்பு இருக்கிறது. அதன் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதில் விரிசல் விட்டால் லேசில் கூடாது. காலை ஊன்றாமல் பல வாரம் இருக்க வேண்டிவரும், சிலருக்கு ஆபரேஷன்வரை போகும். "ஏதோ சுளுக்கு" என்று மாதக்கணக்கில் இதன்மேல் ஓடிவிட்டு வருகிறவர்கள் உண்டு. பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கு நேரே உள்ள எலும்பின் அடிப்பகுதியில் வலித்தாலும் இதே அவசரம்தான். மருத்துவர் பார்க்கும்வரை அந்தக் காலில் பாரம் போடாதீர்கள்.

மற்றதெல்லாம் கவலைப்பட வேண்டியவை அல்ல. சொடக்குச் சத்தம் வலியில்லாமல் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். மாலை வீக்கம் விரிசலுக்குப் பிறகு சில மாதம் இருக்கும், இரவில் காலைச் சற்று உயரமாக வைத்துப் படுத்தால் காலையில் வடிந்துவிடும். அந்த மேடு விரிசலைச் சுற்றி வளர்ந்த புது எலும்பு. உங்கள் டாக்டர் எலும்பு கூடிவிட்டது என்றாரே, அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். எலும்பு கூடியதற்கான அடையாளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்று பயந்திருக்கிறீர்கள். தேடல் பெட்டிக்கு உங்கள் எக்ஸ்ரே தெரியாது. தட்டைப் பாதத்தோடு வாழ்நாள் முழுக்க ஓடுகிறவர்கள் ஏராளம்.

விழவில்லை, அடிபடவில்லை, எலும்பு எப்படி விரிசல் விட்டது என்று சிலருக்குக் கடைசிவரை புரிவதில்லை. 1855-லேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வலித்து வீங்குவதைப் பற்றி எழுதினார். அது எலும்பு முறிவு என்று தெரியவர எக்ஸ்ரே வரவேண்டியிருந்தது. பாரம் கூடும்போது எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் பழைய செங்கல்லைப் பெயர்த்த பிறகுதான் புதியதை வைக்கும். பெயர்ப்பதற்குச் சில வாரம், புதியதை வைத்துக் கெட்டியாக்க மாதங்கள். இடைப்பட்ட காலத்தில் அது பலவீனமாகத்தான் இருக்கும். நெஞ்சும் தசையும் அதற்குள் தேறிவிடுவதால், "மூச்சு வாங்கவில்லையே, இன்னும் கொஞ்சம் ஓடலாமே" என்று தோன்றும். விரிசல் கிளம்பும் இடம் அதுதான்.

எனவே, அழுத்திப் பார்த்ததில் எந்த இடத்திலும் சுருக்கென்று வலிக்கவில்லை என்றால், முதலில் மாத்திரை இல்லாமல் அரை மணி நேரம் வேகமாக நடந்து பாருங்கள். ஒரு வாரம் வலி இல்லாமல் நடக்க முடிந்தால், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி அரை மணி நேரம். ஒருநாள் விட்டு ஒருநாள்தான். இடைப்பட்ட நாளில் சைக்கிளோ நீச்சலோ வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை ஓட்ட நேரத்தைச் சிறிது கூட்டலாம். வேகமும் மேடும் கடைசியில். மெலிந்துபோன கெண்டைக்கால் தேறுவதற்கு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். இடது கால் எத்தனை முறை தாங்குகிறதோ, அத்தனை முறை வலது காலும் தாங்க வேண்டும்.

நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் எட்டு கிலோவைப் பற்றி ஒரு கேள்வி. சாப்பாட்டை எவ்வளவு குறைத்தீர்கள்? மாதவிடாய் தள்ளிப்போகிறதா, நின்றிருக்கிறதா? ஓடும் பெண்களில் பலர் "நிறைய ஓடினால் அப்படித்தான்" என்று இதை விட்டுவிடுகிறார்கள். அப்படியல்ல. ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது உடல் ஹார்மோனைக் குறைக்கிறது, எலும்பு மெலிகிறது, விரிசல் திரும்ப வருகிறது. அப்படி இருந்தால் ஷூ மாற்றிப் பயனில்லை. மருத்துவரிடம் இதை நீங்களாகவே சொல்லுங்கள், வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அரை மாரத்தான் இந்த முறை வேண்டாம். எல்லாம் சரியாகப் போனால்கூட இரண்டு மாதத்தில் நீங்கள் அரை மணி நேரம் நிற்காமல் ஓடும் நிலைக்கு வந்திருப்பீர்கள், 21 கிலோமீட்டருக்கு அல்ல. பெயரை அடுத்த வருடத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.