முதல் கீமோவும் இரண்டாம் வாரமும்: கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

என் தாயாருக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய். அடுத்த வாரம் மதுரையில் முதல் கீமோ. டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரு மருந்துகளை 21 நாட்களுக்கு ஒருமுறை ஏற்றுவார்களாம். விவரம் தெரிந்தால் பயந்துவிடுவார், 'சத்து ஊசி' என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள். இதே சிகிச்சையைப் பெற்றவர் என்ற முறையில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

மறைக்காதீர்கள். நோயின் பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல், எந்த நாளில் உடம்பில் என்ன நடக்கும் என்பதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். சிவப்பு நிறத்தில் இருக்கும் டாக்ஸோரூபிசினைச் செவிலியர் பக்கத்தில் அமர்ந்து, டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிரிஞ்சால் மெல்ல மெல்லச் செலுத்துவார்; "எரியுதாம்மா?" என்று இடையிடையே கேட்பார். மருந்து ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும் என்பதால் கேட்கப்படும் கேள்வி அது. சத்து ஊசி என்று நம்பியிருக்கும் தாய், செவிலியருக்கு எதற்குத் தொந்தரவு என்று எரிச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார். அன்று மாலை சிறுநீர் செந்நிறமாகப் போவது மருந்தின் நிறம்தான் என்று தெரியாமல், ரத்தமோ என்று எண்ணிக் கழிவறைக்குள் தனியே நடுங்குவார். ஒரு பொய்யைச் சொல்லி அவரை அங்கே தனியாக விட எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதல் இரவு எனக்கு வாந்தி வரவில்லை, உறக்கமும் வரவில்லை. வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு என்பதால் பலருக்கும் அந்த விழிப்பு உண்டு. குமட்டல் இரண்டாம், மூன்றாம் நாட்களில்தான் வலுத்தது. ஆகவே குமட்டல் வந்தபின் மாத்திரையைத் தேடாமல், எழுதிக்கொடுத்த நேரப்படி கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் கடுகு தாளிக்கும் வாசனைகூட என் வயிற்றைப் புரட்டியது; ஆறிய இட்லி மட்டும் இறங்கியது. அம்மாவுக்கு மிகப் பிடித்த குழம்பை அந்நாட்களில் சமைக்க வேண்டாம், குமட்டலோடு சேர்ந்துவிட்ட சுவையை உடம்பு நெடுநாள் வெறுக்கும்.

ஆனால் நான் அதிகம் அஞ்சுவது இந்த நாட்களுக்கு அல்ல. ஒரு வாரம் கழிந்து, பசி திரும்பி, முகம் தெளிந்து, "நல்லாத்தானே இருக்காங்க" என்றபடி உறவினர்கள் ஆரஞ்சுப் பைகளோடு பார்க்க வருகிற நாட்களுக்குத்தான். வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குவதே இம்மருந்துகளின் வேலை. மயிர்க்கால்கள் அடிபடுவதால் இரண்டு மூன்று வாரங்களில் முடி கொத்தாக உதிரும், பெரும்பாலும் சிகிச்சைக்குப் பின் திரும்ப வளர்ந்துவிடும். முன்கூட்டியே வெட்டிக்கொள்வதா என்பதை அம்மாவே முடிவு செய்யட்டும். ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை அடிபடுவதோ கண்ணுக்குத் தெரியாது. ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள் ரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடுகின்றன. சாதாரணத் தொற்றும் அப்போது உயிருக்கு ஆபத்தாகலாம். சளி, இருமல் உள்ளவர் எவ்வளவு நெருங்கியவரானாலும் வாசலோடு திரும்பட்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கீமோ எடுத்தவர் என்பதை உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள். அந்த வேளையில் யாரை அழைப்பது என்பதை முதல் நாளே கேட்டு, தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.